சந்தா கொடுத்தவருக்கு என்ன கிடைக்கிறது?

(ஹட்டனில் தோட்டத் தலைவர்மார், மாதர் தலைவிமார் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு தொழிற்சங்கங்களைப் பலப்படுத்துவது எப்படி என்பது. சங்கம் பலப்பட வேண்டும் என்று சங்கக்காரர்கள்தான் சொல்வார்கள். அங்கத்தவர் கேட்பது வேறு. மாதாமாதம் சம்பளத்தில் சந்தா பிடிக்கிறார்கள், அதற்கு எனக்கு என்ன செய்து கொடுக்கிறார்கள் என்பது அவருடைய கேள்வி. இன்றைக்கு அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் மேடைகளில் வேண்டிய அளவு பேசியாகிவிட்டது.

இதே ஹட்டனில்தான் 1931இல் கோ. நடேசய்யர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அதற்கு முன்பே புடவை வியாபாரியாக வேடம் போட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்து ஆட்களின் நிலைமையைப் பார்த்தவர் அவர். வெளியார் தோட்டத்துக்குள் கால் வைத்தாலே அத்துமீறல் என்று துரைமார் பிடித்துக் கொடுக்கக்கூடிய காலம். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடினார். கூட்டம் சேர்ந்த பிறகு ஐயர் சட்டத்தைப் பேசினார். தொழிலாளருக்கு என்ன உரிமை, எந்தச் சட்டம், எங்கே மனு கொடுப்பது என்றெல்லாம் எளிய தமிழில் அச்சடித்துக் கொடுத்தார். சங்கத்தில் சேர்ந்தது துரைக்குத் தெரிந்தால் கையில் பத்துச்சீட்டு என்ற வேலைநீக்கச் சீட்டு, லய வீட்டுக்கு வெளியே சட்டிபானை. அப்படியிருந்தும் ஆட்கள் சேர்ந்தார்கள். கொடுத்த காசுக்கு என்ன கிடைக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. துரைக்கு முன்னால் தனக்காக நின்று வாய் திறக்க ஓர் ஆள் கிடைத்தார். அதுவரைக்கும் அப்படி ஒருவரும் இருந்ததில்லை.

1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் 16 சதம் சம்பள உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் நடந்தது. பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அந்த வருடமே தோட்ட முதலாளிமார் ஏழு அம்ச ஒப்பந்தம் ஒன்றுக்கு இறங்கிவந்து, சங்கம் என்று ஒன்று தோட்டத்தில் இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். 1939இல் தொடங்கிய இலங்கை இந்தியன் காங்கிரஸ், அதன் தொழிற்சங்கமாக வளர்ந்து 1950இல் பெயர் மாற்றிக்கொண்ட இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், 1956இல் பிரிந்துபோன அஸீஸின் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ், 1965இல் வி.கே. வெள்ளையன் அமைத்த தொழிலாளர் தேசிய சங்கம், செங்கொடிச் சங்கம், பிறகு சந்திரசேகரனின் மலையக மக்கள் முன்னணி என்று கதை நீளும். உங்களுக்குத் தெரிந்த கதைதான். யார் பெரியவர் என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1948இன் 18ஆம் இலக்கச் சட்டம் நம்மைக் குடியுரிமை இல்லாதவர்களாக்கியது. அதற்குப் பிறகு வாக்கும் போயிற்று, நாமே தேர்ந்தெடுத்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பும் வழியும் போயிற்று. அந்த வெறுமையில் சங்கமே கட்சியாயிற்று. கச்சேரியாகவும் கோர்ட்டாகவும் நின்றது. 1986, 1988, 2003 என்று மூன்று சட்டங்களில் குடியுரிமை படிப்படியாகத் திரும்பி வந்ததற்குப் பின்னால் சங்கங்களின் உழைப்பு இருக்கிறது. 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்று ஆனதும் வேலைநிறுத்தத்தின் பலன்தான். சங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று இன்றைய பிள்ளைகள் முகநூலில் எழுதுவதைப் பார்க்கிறேன். அடையாள அட்டையைப் பையில் வைத்துக்கொண்டே அப்படி எழுதுகிறார்கள்.

சரி, இனி கசப்பான பக்கத்துக்கு வருகிறேன். குடியுரிமை எல்லோருக்கும் கிடைத்தது. சமசம்பளமும் எல்லோருக்கும் கிடைத்தது. சந்தா கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் ஒரே மாதிரி. சங்கம் வென்று தருவதில் பெரியதெல்லாம் அப்படிப் பொதுவில் போகிறதுதான். அதனால்தான் சந்தா கொடுக்காமலே பலனை வாங்கிக்கொள்ளலாமே என்ற எண்ணம் உலகத்தில் எல்லாச் சங்கத்துக்கும் தலைவலி. மன்கர் ஓல்சன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1965இல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். பொதுப் பலனைக் காட்டி மட்டும் ஆட்களைச் சேர்த்து வைத்திருக்க முடியாது, அங்கத்தவருக்கென்று தனியாக ஏதாவது இருக்க வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். பெல்ஜியத்திலும் சுவீடனிலும் வேலையில்லாக் காலத்துக் கொடுப்பனவில் சங்கங்களுக்குப் பங்கு இருக்கிறது. அங்கே சங்க அங்கத்துவம் இன்றைக்கும் உயர்ந்து நிற்க அது ஒரு காரணம்.

நமக்கு நிலைமை இன்னும் மோசம். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கூட்டு ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தது. நாட்சம்பளம் 2016இல் 730 ரூபா, 2019இல் 750 ரூபா என்று சங்கங்கள் கையெழுத்துப் போட்டன. கூட்டியது போதாது என்று திட்டு வாங்கினாலும், சம்பளம் சங்கத்தின் கையில் இருந்தது. 2021இல் சட்டப்படி அமைந்த சம்பளச் சபை 1,000 ரூபா என்று வர்த்தமானியில் போட்டது. கம்பனிகள் ஒப்பந்தத்தை விட்டு விலகின. 2024இல் 1,350 ரூபாவும் சம்பளச் சபை வழியாகத்தான் வந்தது. ஆக, இருந்த ஒரே பெரிய சரக்கும் கடையிலிருந்து போய்விட்டது. ஒப்பந்தம் போன கையோடு, இனிச் சந்தாவை நாங்கள் பிடித்துத் தரமாட்டோம் என்ற பேச்சும் கம்பனிப் பக்கத்தில் எழுந்தது. அந்தப் பேச்சுக்குச் சங்கங்கள் எவ்வளவு பதறின என்பது இங்கே இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். சங்கத்தின் காசு கம்பனியின் கையில் இருக்கிறது என்ற உண்மையை எனக்கு அந்தப் பதற்றம்தான் சொல்லிற்று.

சந்தாவைத் தலைவர் கையால் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. சம்பளம் போட்ட அன்று லயம் லயமாகப் போவார். கொடுக்கிறவர் சும்மா கொடுக்கமாட்டார். போன மாதம் சொன்ன கூரைத் தகரம் எங்கே, என் மகனுக்கு அரைநாள் சம்பளம் என்று அரைப்பேர் போட்டார்களே அதைக் கேட்டாயா என்று வாசலில் நிறுத்தி வைத்துக் கேட்பார். பதில் சொல்லாமல் அடுத்த காம்பிராவுக்குப் போகமுடியாது. பிறகு செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டிலேயே பிடித்து, தோட்ட நிர்வாகமே சங்கத்துக்கு அனுப்பும் முறை வந்தது. நிலையான வருமானம் வந்தது. முழுநேரப் பிரதிநிதிகளை வைக்கவும் வழக்குப் பேசவும் முடிந்தது. அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் சங்கத்துக்குக் காசு வரும் வழி லயத்து வாசலை விட்டுத் தோட்ட ஆபீசுக்கு மாறியது. வாசலில் நின்று பதில் சொல்லும் வழக்கம் மெதுவாக நின்றுபோனது. அங்கத்தவருக்கு மிஞ்சிய ஒரே ஆயுதம் அங்கத்துவப் பாரம் மாற்றுவது. ஒரு சங்கத்தில் கோபம் வந்தால் இன்னொரு சங்கத்தின் பாரத்தில் கையெழுத்து. அங்கேயும் கோபம் வந்தால் பழைய இடத்துக்கு.

சட்டமும் இதற்கு எண்ணெய் ஊற்றியது. 1935இன் தொழிற்சங்கச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். 1999இன் திருத்தச் சட்டப்படி, வேலைத்தலத்தில் 40 சதவீதத்துக்குக் குறையாத ஆட்களைக் கொண்ட சங்கத்தோடு முதலாளி பேச மறுக்கக்கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் நம் தோட்டங்களில் அது தலை எண்ணும் போட்டியாகிவிட்டது. பக்கத்துச் சங்கத்திலிருந்து ஐம்பது பேரை இழுத்து வருகிறவர் கெட்டிக்காரத் தலைவர். இருக்கும் ஐம்பது பேருக்கு ஒழுங்காக வேலை பார்க்கிறவரை யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

தோட்டத்திலே நன்றாக நடக்கும் சங்கம் ஒன்று இருக்கிறது. நம் கண்ணுக்கு முன்னாலேயே இருப்பதால் அதைச் சங்கம் என்று எண்ணுவதில்லை. மரணாதார சங்கத்தைச் சொல்கிறேன். மாதம் சின்னத் தொகைதான். ஒரு காம்பிராவில் சாவு விழுந்தால் பொழுது சாய்வதற்குள் பந்தல், கதிரை, தேத்தண்ணிச் சாமான், கையில் காசு எல்லாம் வந்துவிடும். யாரும் மனு எழுதுவதில்லை. ஹட்டனுக்குப் பஸ் ஏறுவதில்லை. வருடத்துக்கு ஒரு தடவை கோயில் மண்டபத்தில் செயலாளர் கொப்பியைத் திறந்து வரவு செலவு வாசிப்பார். ஐம்பது ரூபா பிசகினால் சண்டை வரும். அந்தச் சண்டைதான் அதன் பலம். எவ்வளவு கொடுக்கிறோம், எப்போது, என்ன கிடைக்கும் என்று படிக்காத பாட்டிக்கும் தெரியும். பெரிய தொழிற்சங்கத்தைப் பற்றி அந்தப் பாட்டியால் இந்த மூன்றையும் சொல்ல முடியுமா?

தொழிற்சங்கம் அங்கத்தவருக்கென்று தனியாக என்ன செய்யலாம்? புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தொழிலாளியின் பெயரில் ஏற்கெனவே இருக்கும் காசை அவர் கையில் சேர்த்தாலே போதும். ஒரு கணக்குப் போடுவோம். 2024இன் 1,350 ரூபாவை வைத்து மாதம் 25 பேர், அதாவது 25 நாள் வேலை என்று எடுத்தால் 33,750 ரூபா. அதில் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 சதவீதம் 2,700, தோட்டத்தின் 12 சதவீதம் 4,050; ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டத்தின் 3 சதவீதம் 1,012 ரூபா 50 சதம். கூட்டினால் மாதம் 7,762 ரூபா 50 சதம். வேலை முடித்துப் பேர் வெட்டும்போது பணிக்கொடை வேறு. 1983இன் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். முப்பது வருடம் கொழுந்தெடுத்த அக்கா ஒருவருக்கு 5,67,000 ரூபா. அவர் வாழ்க்கையிலே ஒன்றாகப் பார்க்கப்போகும் மிகப் பெரிய தொகை அது. வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் மேலதிகம் கட்ட வேண்டும். வருடம் கடந்தால் அது 30 சதவீதம் வரை போகும். இதைத் தவணை தவணையாக, கெஞ்சக் கெஞ்சக் கொடுக்கும் தோட்டங்கள் இருக்கின்றன. மேலதிகத்தை எழுத்தில் கேட்ட தலைவர் எத்தனை பேர்? கை தூக்கச் சொல்லவில்லை.

சேமலாப நிதியில் அதைவிடப் பெரிய முள் பெயர்தான். செக்ரோலில் ஆங்கிலத்தில் ஒரு பெயர், பழைய அடையாள அட்டையில் சிங்களத்தில் எழுதிய இன்னொரு பெயர், பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது. லெட்சுமி, மகாலெட்சுமி, லச்சுமி மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க, பேர் வெட்டிய பிறகு வயதான காலத்தில் அலைய வேண்டும். கிராம சேவகர், பிரதேச செயலகம், தோட்ட ஆபீஸ், தொழில் திணைக்களம் என்று நாலு படி. ஒவ்வொரு படிக்கும் ஒரு நாள் வேலை போகும், பஸ் காசு போகும், இடையில் புரோக்கர் வருவார். கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்று அவர் கேட்கிற தொகை பல வருடச் சந்தாவைவிட அதிகம். நான் சங்கத்தின் இடத்தில் இருந்தால் முப்பது வயது அங்கத்தவரிடமிருந்து தொடங்குவேன். அடையாள அட்டை, செக்ரோல் பெயர், சேமலாப நிதியின் கணக்குக் கூற்று மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவருக்குப் பத்து நிமிடம் போதும். பிசகு இருந்தால் வேலையில் இருக்கும்போதே, தோட்ட ஆபீசில் கிளார்க்கர் ஐயாவும் கணக்கப்பிள்ளையும் இருக்கும்போதே திருத்திவிடலாம்.

யார் செய்வது என்று கேட்பீர்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் உயர்தரம் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் தங்கைகள் நாலு பேராவது உண்டு. சந்தாவில் ஒரு பங்கைத் தோட்டத்திலேயே நிறுத்தி அவர்களில் ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள். ஒரு கொப்பி, ஒரு போன். ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் ஒரு இலக்கம்; எந்தத் திகதியில் வந்தது, யாரிடம் போனது, எப்போது முடிந்தது என்று எழுதி வைக்க வேண்டும். மாதச் சந்தா 200 ரூபா என்று வைத்துக்கொண்டால், 800 பேர் உள்ள தோட்டத்தில் மாதம் 1,60,000, வருடத்துக்கு 19,20,000 ரூபா. இதில் ஒரு பிள்ளைக்குச் சம்பளம் கொடுக்க முடியாது என்று என்னிடம் யாரும் சொல்லவேண்டாம்.

அந்தப் பிள்ளை பெண்ணாக இருக்க வேண்டும் என்பதையும் வேண்டுமென்றேதான் சொல்கிறேன். கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; சந்தாவில் பெரும்பகுதி அவர்கள் கூடையிலிருந்து வருகிறது. தலைவர் என்ற பேர் மட்டும் ஆம்பிளைக்கு. கொழுந்து மடுவத்தில் தண்ணிக்கும் சாக்குக்கும் என்று கிலோ வெட்டும்போது தராசுப் பக்கம் நிற்பது யார்? மலையில் கக்கூஸ் இல்லை என்பதைப் பெரிய துரையிடம் சொல்லத் தலைவருக்குக் கூச்சம். சொல்ல வேண்டியவருக்கு உள்ளே போக அனுமதி இல்லை. மாதர் சங்கம் என்று தனியாக ஒன்றை அமைத்து, மே தினத்துக்கு ஒரே நிறச் சேலை கட்டி ஊர்வலத்தில் முன்னால் விடுவதோடு அந்தக் கணக்கை முடித்துவிட்டோம்.

இப்படியே விட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கேரளத்து மூணாறு இருக்கிறது. 2015 செப்டெம்பர். கண்ணன் தேவன் தோட்டங்களில் வேலை பார்க்கும் பெண்கள், பெரும்பாலும் நம்மைப் போலத் தமிழர்கள். கம்பனி போனஸை 10 சதவீதமாகக் குறைத்தது. அங்கேயும் பெரிய சங்கங்கள் மூன்று, மூன்றுக்கும் பெரிய கட்சிகள். அந்தப் பெண்கள் கம்பனிக்கு எதிராக மட்டும் தெருவில் உட்காரவில்லை. தங்கள் சந்தாவை வாங்கிக்கொண்டிருந்த சங்கத் தலைவர்களையும் பக்கத்தில் வரவிடவில்லை. ஆயிரக்கணக்கான பேர் ஒன்பது நாள் மூணாறை நிறுத்தினார்கள். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை என்று தங்களுக்குப் பேர் வைத்துக்கொண்டார்கள். 20 சதவீதம் வாங்கினார்கள்.

இந்தக் கதையைச் சொல்லிச் சங்கங்களைப் பயமுறுத்துவது சுலபம். எனக்கு அதன் மிச்சக் கதைதான் முக்கியம். அந்த எழுச்சி பிறகு தனிச் சங்கமானது, தேர்தலில் நின்றது, உள்ளுக்குள் பிளந்தது, கொஞ்ச வருடத்தில் சுருங்கிப்போனது. ஒன்பது நாள் ரோட்டை மறிக்கத் தெரிந்தவர்களுக்குப் பத்தாவது நாளுக்குப் பிறகு அங்கத்தவருக்கு மாதாமாதம் என்ன செய்து கொடுப்பது என்ற வேலை அமையவில்லை. பழைய சங்கங்களுக்கு ஆபீஸ் இருந்தது, வக்கீல் இருந்தார், கோபத்தைக் கேட்கக் காது இல்லை. புதிய சங்கத்துக்குக் காது இருந்தது, ஆபீஸ் இல்லை.

இன்னொரு கூட்டத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தபோது மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் பதிவில் இருந்தார்கள். இன்று அதில் பாதிகூட இல்லை. மிச்சப்பேர் எங்கே? நிறையப் பேர் லயத்திலேதான் இருக்கிறார்கள். பேர் வெட்டிக்கொண்டு கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கிறார்கள். தோட்டம் பிரித்துக் கொடுத்த துண்டு மலையைப் பார்த்துக் கொழுந்தைத் தோட்டத்துக்கே விற்கிறார்கள். மற்றவர்கள் கொழும்பில் கடையில் நிற்கிறார்கள். செக்ரோலில் பேர் இல்லாவிட்டால் சந்தா பிடிக்க வழியில்லை. சந்தா இல்லாவிட்டால் சங்கத்துக்கு அவர் அங்கத்தவர் இல்லை. துண்டு மலை வாங்கியவருக்குச் சேமலாப நிதி போகிறதா, உரம் யார் கணக்கு, கிலோவுக்கு விலை யார் வைப்பது என்று எழுத்தில் கேட்க ஆள் வேண்டும். அவருக்குத்தான் இன்றைக்குச் சங்கம் அதிகம் தேவை. அகமதாபாத்தில் இலா பட் 1972இல் சுயதொழில் பெண்களுக்கான சேவா சங்கத்தைப் பதியப் போனபோது முதலாளியே இல்லாதவர்களுக்கு என்ன தொழிற்சங்கம் என்று அதிகாரிகள் கேட்டார்கள். அவர் விடவில்லை. இரண்டு வருடத்தில் 4,000 பெண்கள் தலைக்குப் பத்து ரூபா போட்டு ஒரு கூட்டுறவு வங்கியைத் தொடங்கினார்கள். தலைச்சுமைக்காரிகளும் காய்கறி விற்பவர்களும் செய்ததை நம் கைக்காசு அக்காமாரால் செய்யமுடியாதா?

அடுத்தது கணக்கு. சங்கங்கள் வருடாவருடம் பதிவாளருக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். அங்கத்தவர் பார்க்கப் புத்தகம் திறந்திருக்க வேண்டும். சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. நான் கேட்பது அதைவிடச் சுருக்கமானது. இந்தத் தோட்டத்தில் பிடித்த சந்தா இவ்வளவு, இந்த வருடம் இந்தத் தோட்டத்துக்காகச் செலவழித்தது இவ்வளவு, எடுத்த முறைப்பாடு இத்தனை, முடித்தது இத்தனை. ஒரு பக்கத் தமிழில் அச்சடித்து, காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக் களத்தில் ஒட்டுங்கள். முதல் வருடம் வெட்கமாகத்தான் இருக்கும். எதிர்ச் சங்கம் அதை வாசித்துக் காட்டிச் சிரிக்கும். சிரிக்கட்டும், அடுத்த வருடம் அவர்களும் ஒட்ட வேண்டி வரும்.

கடைசியாக ஒரு கால எல்லையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் தொழில் நியாய சபைக்கு மனுப் போட ஆறு மாதம்தான் அவகாசம். பேசித் தீர்க்கலாம், துரையைப் பார்க்கலாம், மந்திரியைப் பார்க்கலாம் என்று ஐந்து மாதத்தை ஓட்டிவிட்டு வக்கீலிடம் வராதீர்கள். பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும். மனு முதல் மாதத்திலேயே எழுதி முடிந்திருக்க வேண்டும்.

நான் பேச வேண்டியதைப் பேசிவிட்டேன். இனி நீங்கள் கேளுங்கள். தலைவிமார் முதலில், அவர்கள் முடித்த பிறகு மற்றவர்கள்.